சத்தம் ஆகாத பிள்ளையோடு செந்தோசாவுக்கு

நாள் 1, ஞாயிறு

சிங்கப்பூரில், செங்காங்கில் அக்கா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பதினோராவது மாடி. என் மகன் மகிழ் தூங்கிவிட்டான். காதுக்கவசம் அவன் தலையணை ஓரத்தில் கிடக்கிறது. நாளைக்கு எழுதலாம் என்று விட்டால் பாதி மறந்துவிடும், அதனால் ஒவ்வொரு நாள் இரவும் கொஞ்சம் எழுதிப் போடலாம் என்று இருக்கிறேன். இந்த மாதிரிப் பிள்ளை வைத்திருக்கிற யாருக்காவது உதவும்.

மகிழுக்கு ஏழு வயது. சில பிள்ளைகளுக்குப் பால் ஆகாது, சிலருக்குக் கத்தரிக்காய் ஆகாது. இவனுக்குச் சத்தம் ஆகாது. மிக்ஸி போடுவதற்கு முன்னால் "போடப்போறேன்" என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் போடுவேன். கல்யாண வீடுகளில் கெட்டிமேளம் கொட்டும் நேரத்துக்கு நாங்கள் இருவரும் வெளியே கார் நிறுத்தும் இடத்தில் நிற்போம். என் சொந்தத் தம்பி தாலி கட்டியதையே நான் வீடியோவில்தான் பார்த்தேன். போன வருஷம் ஊரில் வைகாசித் திருவிழாவில் சாமி புறப்படும்போது அதிர்வேட்டுப் போட்டார்கள். பிள்ளை கூட்டத்துக்குள் புகுந்து ஓடிவிட்டான். அரை மணி நேரம் தேடி, ஒரு மாட்டுவண்டிக்கு அடியில் கண்டுபிடித்தோம். அன்றைக்கு ராத்திரியே திருச்சிக்குத் திரும்பிவிட்டோம். "ஆம்பளப் பிள்ள வேட்டுக்குப் பயப்படலாமா" என்று அத்தை, என் மாமியார், சொன்னது எனக்கு இன்னும் ஆறவில்லை.

காதைப் பரிசோதித்தாகிவிட்டது, ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. காதில் ஒரு குறையும் இல்லை. நமக்கு வெறும் சத்தமாகப் படுவதை அவன் மூளை ஆபத்து என்று எடுத்துக்கொள்கிறது. உடம்பும் அதற்கேற்ப ஓடவோ ஒளியவோ தயாராகிவிடுகிறது. பயிற்சி கொடுக்கும் டீச்சர் இதை எனக்குப் புரியவைக்கவே ஒரு வருஷம் ஆனது. அடம் இல்லை, செல்லம் இல்லை, வளர்ப்புக் குறையும் இல்லை.

அப்படிப்பட்ட பிள்ளையை எதற்குச் செந்தோசாத் தீவில் இருக்கும் யூனிவர்சல் ஸ்டூடியோஸ் கேளிக்கைப் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்று வீட்டில் எல்லாரும் கேட்டார்கள். அவன் கேட்டான், அதனால்தான். அக்கா மகள் யாழினி அந்தச் சுற்றும் பெரிய உருண்டைக்கு முன்னால் நின்று எடுத்துக்கொண்ட படத்தைப் பார்த்துவிட்டு, "நானும் அங்க நிக்கணும்" என்றான். சத்தம் ஆகாது என்றால் ஆசையும் வரக்கூடாது என்று இருக்கிறதா?

ஒரு மாதமாகத் தயார் செய்தோம். ஒவ்வொரு சவாரியின் வீடியோவையும் முதலில் சத்தமே இல்லாமல் பார்த்தான். மறுநாள் கொஞ்சம் சத்தம் வைத்தோம், அதற்கு மறுநாள் இன்னும் கொஞ்சம். பூங்காவின் வரைபடத்தை ஒரு தாளில் வரைந்து, போகக்கூடிய இடத்துக்குப் பச்சை, பார்த்துவிட்டு முடிவு செய்யும் இடத்துக்கு மஞ்சள், வேண்டவே வேண்டாம் என்பதற்குச் சிவப்பு என்று அவனே வண்ணம் தீட்டினான். நான் ஒன்றையும் மாற்றச் சொல்லவில்லை. என் மணிக்கட்டை இரண்டு தடவை அழுத்தினால் உடனே கிளம்பிவிட வேண்டும், ஏன் எதற்கு என்று கேட்கக்கூடாது. அது எங்களுக்குள் ஒப்பந்தம்.

விமானத்தில் என்ஜின் சத்தம் அவனை ஒன்றும் செய்யவில்லை. கழிப்பறைதான் பிரச்சினை. விமானக் கழிப்பறை காற்றால் உறிஞ்சி இழுக்கும், அந்த ஒரு நொடி எனக்கே தூக்கிவாரிப்போடும். அவனை முதலில் வெளியே அனுப்பி, மூடியை மூடி, அப்புறம் பொத்தானை அழுத்தினேன். சாங்கி விமான நிலையத்தில் இறங்கியதும் வேறு மாதிரி. அங்கே எல்லாம் தானாகத் தண்ணீர் ஊற்றும் கழிப்பறைகள். பிள்ளை கொஞ்சம் அசைந்தாலே போதும், உட்கார்ந்திருக்கும்போதே ஊற்றிவிடும். இதற்கு டீச்சர் சொல்லிக்கொடுத்த வழி, ஒட்டிக்கொள்ளும் சின்ன மஞ்சள் தாள். கண் மாதிரி இருக்கும் அந்தக் கறுப்பு வட்டத்தின் மேல் ஒட்டிவிட்டால் அதற்கு ஒன்றும் தெரியாது. பிள்ளை எழுந்து, கதவுக்கு வெளியே போய், "ம்" என்ற பிறகு தாளை எடுத்தால் போதும். ஒரு கட்டு ஐம்பது ரூபாய்கூட இல்லை.

வெளியே அக்கா காத்திருந்தாள். நேராக வீட்டுக்குப் போகாமல் ஜுவல் கட்டடத்துக்குள் கூட்டிக்கொண்டு போனாள். உள்ளே 40 மீட்டர் உயரத்திலிருந்து கொட்டுகிற அருவி. உலகிலேயே உயரமான உள்ளரங்க அருவி அதுதான். அவ்வளவு தண்ணீர் விழுகிறது, பக்கத்தில் நின்று பேசினால் குரலை உயர்த்தவேண்டும். இவன் காதுக்கவசத்தைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டான். எனக்கு ஆச்சரியம். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டான்: "அம்மா, இது நடுவுல நிக்காதுல்ல?"

"நிக்காதுடா. விழுந்துகிட்டேதான் இருக்கும்."

"அப்ப சரி."

இந்த "அப்ப சரி"யைத்தான் ராத்திரி முழுக்க யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நாள் 2, திங்கள்

இன்று ஒத்திகை. டிக்கெட் நாளைக்குத்தான். வழி முழுவதையும் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று அக்காவிடம் சொன்னேன். "டிக்கெட் இல்லாம வாசல் வரைக்கும் போறதா?" என்று கேட்டாள், ஆனாலும் வந்தாள்.

அக்கா வீடு ஊதா நிற ரயில் பாதையில் இருப்பது பெரிய வசதி. செங்காங்கில் ஏறினால் மாறவே வேண்டாம், கடைசி நிறுத்தம் ஹார்பர்ஃபிரண்ட். ஓட்டுநர் இல்லாத ரயில் என்பதால் முதல் பெட்டியின் முன்கண்ணாடி வழியாகச் சுரங்கத்தைப் பார்த்துக்கொண்டே போகலாம். மகிழுக்குச் சத்தமே மறந்துபோனது. கதவு மூடும்போது வரும் பீப் ஒலியை மட்டும் முதல் மூன்று நிறுத்தங்களில் காதைப் பொத்திக்கொண்டு கேட்டான். நான்காவதில் ஒரு காதை மட்டும் பொத்தினான். பிறகு கதவு திறந்ததும் விரலை மடக்கி எண்ணத் தொடங்கிவிட்டான்.

ஹார்பர்ஃபிரண்டிலிருந்து தீவுக்குப் போக ஒற்றைத்தண்டவாள ரயில் இருக்கிறது, ஆளுக்கு 4 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். நாங்கள் கடலோரப் பலகைப் பாதையில் நடந்தே போனோம். நடந்தால் காசு இல்லை, கூட்டமும் இல்லை. மெதுவாகப் போனால் பிள்ளைக்கு இடம் பழகும். காற்றும் தண்ணீரும்தான் சத்தம்.

செந்தோசா என்பது மலாய்ச் சொல், அமைதி என்று பொருள். நம் சந்தோஷம் என்ற சொல்லும் அதுவும் ஒரே சமஸ்கிருத வேரிலிருந்து பிறந்தவை. அதற்கு முன்னால் அந்தத் தீவுக்கு பிளாகாங் மாத்தி என்று பேர், பிரிட்டிஷ் ராணுவம் கோட்டை கட்டி வைத்திருந்த இடம். 1970களின் தொடக்கத்தில்தான் சுற்றுலாத் தீவாக மாற்றி இந்தப் பேரை வைத்தார்கள். அக்கா இதைச் சொன்னதும் மகிழ், "அமைதின்னு பேர் வச்சுட்டு உள்ள ரோலர் கோஸ்டர் வச்சிருக்காங்களா?" என்று கேட்டான். அவன் நிஜமாகவே கேட்டான். எனக்கும் பதில் தெரியவில்லை.

உருண்டைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டான். பின்னால் நீராவி மாதிரிப் புகை, உள்ளேயிருந்து வரும் இசை. வாசல் பக்கத்தில் சுவர் ஓரமாக இருபது நிமிடம் சும்மா நின்றோம். தூரத்தில் யாரோ கத்துவது அலையலையாகக் கேட்டது. "அது நீலமா சிவப்பா?" என்றான். அந்த இரண்டு ரோலர் கோஸ்டர்களின் பேரை அவன் சொல்வதில்லை, தடத்தின் நிறத்தைத்தான் சொல்வான்.

மத்தியானம் பக்கத்துக் கடைத்தொகுதி ஒன்றின் கழிப்பறையில் ஒரு தப்பு நடந்துவிட்டது. கழிப்பறைக்கு மஞ்சள் தாள் இருந்தது. கை உலர்த்தும் யந்திரத்தை நான் யோசிக்கவில்லை. பக்கத்தில் யாரோ ஒருவர் கையை நீட்டினார், அது ஊளையிட்டது. பிள்ளை சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டான். அந்த யந்திரம் இருக்கும் உயரத்தைப் பாருங்கள், நமக்கு இடுப்பருகே, ஏழு வயதுப் பிள்ளைக்குக் காதருகே. கனடாவில் ஒரு பள்ளிச் சிறுமி இந்த யந்திரங்களைக் குழந்தைகளின் காது உயரத்தில் வைத்து அளந்து பார்த்திருக்கிறாள். பல யந்திரங்கள் 100 டெசிபலைத் தாண்டின. அது 2019இல் ஒரு மருத்துவ இதழில் கட்டுரையாகவே வந்தது. 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் இருக்கலாம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகிவிடும் என்பது தொழிற்கூடங்களுக்குச் சொல்லும் கணக்கு. அப்படிப் பார்த்தால் 100க்குப் பதினைந்து நிமிடம்தான். பெரியவர்களுக்கே அந்தக் கணக்கு என்றால் சுவரோடு ஒட்டிக்கொண்ட பிள்ளை மிகைப்படுத்தவில்லை. இனி துண்டு எடுத்துக்கொண்டு போகவேண்டும், மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அறையைத் தேடவேண்டும்.

மாலையில் லிட்டில் இந்தியா பக்கம், தேக்காவில் தோசை. வீடு.

நாள் 3, செவ்வாய்

பள்ளி நாள் என்பதால் கூட்டம் குறைவாக இருக்கும் என்று அக்கா கணக்குப் போட்டது சரிதான். யாழினி பள்ளிக்குப் போய்விட்டாள். அக்கா விடுப்பு எடுத்துக்கொண்டாள். பையில் இருந்தவை: துண்டு, மஞ்சள் தாள், தண்ணீர், முறுக்கு, அவன் வரைந்த வரைபடம். காதுக்கவசம் தலையில்.

காதுக்கவசம் பற்றி ஒரு வார்த்தை. விமானத்தில் பெரியவர்கள் போடுகிற, மின்சாரத்தால் சத்தத்தை அமுக்கும் ஹெட்ஃபோன் என்ஜின் மாதிரி ஒரே சீராக வரும் ஒலிக்கு நன்றாக வேலை செய்யும். திடீரென்று வெடிப்பதற்கு அது அவ்வளவு உதவாது. அதற்குக் கட்டுமான வேலையில் போடுகிற மாதிரி அழுத்திப் பிடிக்கும் சாதாரணக் கவசம்தான் நல்லது, இருபது டெசிபலுக்கு மேல் குறைக்கும். ஆனால் நாள் முழுக்கப் போட்டுவைத்தால் காது மௌனத்துக்குப் பழகி, அப்புறம் சின்னச் சத்தமும் பெரிதாகப் படும் என்று டீச்சர் எச்சரித்திருக்கிறார். அதனால் இடையிடையே கழற்றவேண்டும். எப்போது என்பதை அவன்தான் சொல்வான்.

பூங்கா நடுவில் ஒரு குளம், அதைச் சுற்றி வளையமாக ஒவ்வொரு பகுதியும். இடப்பக்கமாகப் போனோம். முதலில் மினியன் என்ற கார்ட்டூன் பொம்மைகளின் ஊர், 2025இல் திறந்தது. எல்லாம் மஞ்சள், எல்லா மூலையிலும் பாட்டு. மகிழ் வரைபடத்தில் அதை மஞ்சளாகவே தீட்டியிருந்தான். ஐந்து நிமிடம் நின்று பார்த்துவிட்டு "வேண்டாம்" என்றான். சரி. அடுத்தது கோட்டை. அங்கே ஒரு கடைக்குள்ளேயே குட்டி ராட்டினம் ஒன்று மெதுவாகச் சுற்றுகிறது. மூன்று வயதுக் குழந்தைகள் ஏறுவது. அதில் இரண்டு தடவை ஏறினான். இறங்கும்போது முகம் மலர்ந்திருந்தது.

அங்கிருந்து டைனோசர் பகுதிக்கு நடந்தோம். நான் செய்த பிழை இங்கேதான். தண்ணீரில் படகுச் சண்டை போடும் அந்தப் பெரிய காட்சிக்கு நாங்கள் போகப்போவதில்லை, வரைபடத்தில் அழுத்தமான சிவப்பு. அதனால் அது எத்தனை மணிக்கு என்றே நான் பார்க்கவில்லை. நேர அட்டவணை கையில்தான் இருந்தது. உள்ளே போகாவிட்டாலும் வெடி சுவரைத் தாண்டி வரும் என்பது எனக்குத் தோன்றவில்லை.

மகிழ் அப்போதுதான் கவசத்தைக் கழற்றியிருந்தான், காது வியர்க்கிறது என்று. ஒரே ஒரு வெடி. தரையே அதிர்ந்த மாதிரி இருந்தது. அடுத்த நொடி பிள்ளை பாதை நடுவில் குந்தி உட்கார்ந்து தலையை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டான். கவசத்தை மாட்டிவிடப் போனேன், கையைத் தட்டிவிட்டான். ஜனங்கள் விலகி விலகிப் போனார்கள். ஒரு பெண் தன் பிள்ளையிடம் எங்களைக் காட்டி ஏதோ சொன்னது தெரிந்தது. அக்கா அவர்களுக்கும் மகிழுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டாள், முதுகைக் காட்டி.

அப்போது நீளமான பிடி வைத்த குப்பைத் தட்டோடு ஒரு பெரியவர் வந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். எங்கள் பேச்சு காதில் விழுந்திருக்கவேண்டும், தமிழிலேயே கேட்டார்.

"பிள்ளைக்குச் சத்தம் ஆகலையாம்மா?"

ஆகாது என்றேன்.

"இன்னும் ஒண்ணு இருக்கும்மா, பெரிசு. கடைசியில விமானம் வந்து விழும், அதுக்கு. அந்தக் கடைப் பக்கம் போயிருங்க, கல்லுச் சுவர் இருக்கு. கொஞ்சம் அடங்கும்."

முழங்காலுக்குள்ளிருந்து மகிழ் கேட்டான்: "எப்ப வரும்?"

எனக்குக் கேட்டதா என்று சந்தேகம். பெரியவருக்குக் கேட்டுவிட்டது. அவர் குனிந்து, தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னார். "ஒரு மூணு நிமிஷம் தம்பி."

"எத்தன?"

"பெரிசு ஒண்ணுதான். அதோட முடிஞ்சுது."

மகிழ் எழுந்தான். தானே கவசத்தை வாங்கி மாட்டிக்கொண்டான். சுவருக்குப் பின்னால் போய் நின்றோம். என் இடுப்பைக் கட்டிக்கொண்டு, என் கைக்கடிகாரத்தில் வினாடி முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று நிமிடம் ஆகி, இன்னும் கொஞ்ச நேரமும் ஆனது. "அவர் தப்பா சொல்லிட்டாரா?" என்றான். அப்போது வந்தது. அவன் உடம்பு முழுக்க ஒரு உதறல், என் வயிற்றில் அவன் முகம் அழுந்தியது. ஆனால் ஓடவில்லை, உட்காரவும் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் கைத்தட்டல் கேட்டது. மெதுவாக முகத்தை எடுத்தான்.

"முடிஞ்சிருச்சு," என்றான்.

முதல் வெடிக்கும் இரண்டாவதற்கும் சத்தத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, இரண்டாவதுதான் பெரிது என்றுகூடச் சொல்லலாம். கவசமும் சுவரும் கொஞ்சம் தடுத்தன, உண்மைதான். ஆனாலும் அது மட்டும் இல்லை. அந்த மூன்று நிமிடத்தைப் பெரியவர் அவன் கையில் கொடுத்துவிட்டார். நன்றி சொல்லத் திரும்பினேன். அவர் அடுத்த குப்பைத்தொட்டிக்குப் போய்விட்டிருந்தார்.

எகிப்துப் பகுதியில் ஜீப் மாதிரி வண்டியில் மெதுவாக ஒரு சுற்று. பச்சை, எதிர்பார்த்த மாதிரியே நன்றாகப் போனது. தண்ணீருக்குள்ளிருந்து நீர்யானை தலை தூக்கும் என்பதை வீடியோவில் பார்த்திருந்ததால் எனக்கு அவனே முன்கூட்டிச் சொன்னான்.

அதற்கு அடுத்த பகுதிதான் நான் ஒரு மாதமாகப் பயந்துகொண்டிருந்தது. சிவப்பும் நீலமுமாக இரண்டு ரோலர் கோஸ்டர் தடங்கள் ஒன்றை ஒன்று சுற்றிப் பின்னிக்கிடக்கும். உயரம் 42 மீட்டருக்கு மேல், வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர் வரை. சிவப்பில் காலைத் தரையில் ஊன்றிய மாதிரி உட்காரலாம், நீலத்தில் கால் அந்தரத்தில் தொங்கும். அந்த இடத்தைத் தாண்டாமல் வாசலுக்குப் போக வேண்டும் என்றால் வந்த வழியே முழுக்கத் திரும்பி நடக்கவேண்டும். வேகமாக நடந்து கடந்துவிடலாம் என்று அவன் கையைப் பிடித்தேன்.

மகிழ் நின்றுவிட்டான். "உக்காரலாமா?" என்றான்.

குளத்தோரமாகக் கொஞ்சம் தள்ளி நிழலில் ஓர் இடம் கிடைத்தது. மூன்று பேரும் உட்கார்ந்தோம். ஒரு வண்டி இறங்கும்போது இரும்பு உறுமும், பிறகு மொத்தமாக ஒரு கத்தல், பிறகு ஒன்றுமில்லை. காதைப் பொத்திக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான். நான்கு தடவை, ஐந்து தடவை. வாய் அசைவதைக் கவனித்தேன். எண்ணிக்கொண்டிருந்தான்.

"அம்மா, சிவப்பு உச்சிக்குப் போனதும் எண்ணணும். பாரேன்."

ஒன்று, இரண்டு என்று எண்ணி, விரலை மேலே தூக்கினான். அந்த விரல் இறங்கும்போது கத்தல் வந்தது. என்னைப் பார்த்தான். அடுத்த வண்டி. விரல், கத்தல். தவில்காரருக்குக் கை காட்டுகிற நாதசுரக்காரர் மாதிரி இருந்தது எனக்கு. அவன் காட்டினால்தான் அவர்கள் கத்துகிறார்கள். கொஞ்ச நேரத்தில் கவசம் ஒரு காதிலிருந்து நழுவியது, அவன் அதைச் சரிசெய்யவில்லை.

நாற்பது நிமிடம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். இடையில் எனக்குள் ஒரு குரல், இத்தனை வெள்ளி கொடுத்து இத்தனை தூரம் வந்து இன்னும் எத்தனையோ சவாரி பாக்கி இருக்கிறதே என்று. வாயைத் திறந்து "போலாமா" என்று கேட்கப்போனேன். அக்கா என் தொடையில் கை வைத்தாள்.

"விடுடி. அவன் இதுக்குத்தான் வந்திருக்கான்."

இரண்டு மணிக்கு அவனே என் மணிக்கட்டை இரண்டு தடவை அழுத்தினான். அழுகை இல்லை, பயமும் இல்லை. போதும் என்றான். கிளம்பிவிட்டோம்.

இதோடு நிறுத்தினால் நன்றாக இருக்கும், ஆனால் சாயந்திரத்தையும் எழுதவேண்டும். வீட்டில் யாழினி கை தவறி ஒரு கரண்டியைக் கீழே போட்டாள். அவ்வளவுதான், மகிழ் முக்கால் மணி நேரம் அழுதான். பாவம், யாழினியும் அழுதாள். பகல் முழுக்க அவன் குடத்தில் தண்ணீர் சேர்ந்துகொண்டே இருந்திருக்கிறது, கரண்டி கடைசிச் சொட்டு. பெரியப்பா விளக்கை அணைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல், அவன் முதுகில் கையை அழுத்தி வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். அப்படியே தூங்கிப்போனான். பூங்காவில் பிள்ளை சமாளித்துவிட்டான் என்று யாராவது சொன்னால், வீட்டுக்கு வந்த பிறகு என்ன ஆனது என்று கேளுங்கள். மறுநாளைக் காலியாக வைத்துக்கொள்ளுங்கள்.

நாள் 4, புதன்

காலியாகத்தான் வைத்திருந்தோம். வானம் விடவில்லை.

விடிவதற்கு முன்னால் இடி. இந்த மாதங்களில் சுமத்ரா பக்கமிருந்து கடலைத் தாண்டிச் சூறைக்காற்று விடியற்காலையில் வந்து அடிக்கும் என்று அக்கா சொல்லியிருந்தாள். சிங்கப்பூரில் ஏறத்தாழ வருஷத்தில் பாதி நாள் இடி மின்னல்தான். உயரமான மாடி, சுற்றிலும் கட்டடங்கள், ஒவ்வொரு இடியும் மோதித் திரும்பி வந்தது. நான் பதறி அடித்து அவன் படுக்கைக்குப் போனேன். எழுந்து உட்கார்ந்திருந்தான், கவசத்தோடு, ஜன்னலைப் பார்த்து.

"அம்மா, இது எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்?"

ஒரு நிமிடம் தடுமாறினேன். பிறகுதான் நினைவுக்கு வந்தது, எட்டாம் வகுப்பில் படித்தது. ஒளி உடனே வந்துவிடும், ஒலி நொடிக்கு 340 மீட்டர்தான் வரும். மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்கினால், மூன்று எண்ணுவதற்குள் ஒரு கிலோமீட்டர்.

"மின்னல் சொல்லும்டா. அது வந்ததும் எண்ணு."

ஜன்னல் வெளுத்தது. ஒன்பது வரைக்கும் எண்ணினான், இடித்தது. "மூணு கிலோமீட்டர்," என்றேன். அடுத்தது ஆறு. அடுத்தது இரண்டு, அதற்கு மட்டும் என் மடிக்குள் வந்துவிட்டான். அப்புறம் ஐந்து, பத்து, பதினான்கு. இடி பொங்கோல் பக்கம் போகிறது என்று பெரியப்பா வாசலிலிருந்து சொன்னார். எல்லாரும் எழுந்துவிட்டிருந்தார்கள். யாழினி பாயை எடுத்து வந்து பக்கத்தில் போட்டுக்கொண்டு கூடவே எண்ணினாள்.

மழை விட்டதும் மத்தியானம் தாவரவியல் பூங்கா. 1859இல் தொடங்கியது, யுனெஸ்கோ பட்டியலில் இருப்பது, அனுமதி இலவசம். உள்ளே குழந்தைகளுக்கென்று தனித்தோட்டமும் இருக்கிறது. ஈரப் புல், பூச்சிச் சத்தம், பெரிய மரங்கள். அதிகம் எழுத ஒன்றுமில்லை, அவ்வளவு நன்றாக இருந்தது. கவசம் பையிலேயே கிடந்தது. ஒரு மரத்தடியில் முறுக்குத் தின்றுகொண்டே கேட்டான்:

"அம்மா, ஊர்ல திருவிழா அடுத்த வாரமா?"

"ஆமாடா. நாம போகவேண்டாம்."

"அந்த வேட்டு எத்தன மணிக்கு?"

எனக்குத் தெரியாது. இத்தனை வருஷத்தில் யாரிடமும் நான் கேட்டதே இல்லை. சாமி புறப்படும்போது போடுவார்கள், அவ்வளவுதான் எங்கள் யாருக்கும் தெரியும்.

"பாட்டிகிட்ட கேளு," என்றான்.

ராத்திரி அத்தைக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினேன். இங்கே நடந்ததை எல்லாம் சொன்னேன், அந்தப் பெரியவரைப் பற்றி, விரலைத் தூக்கியதைப் பற்றி, இடியைப் பற்றி. கேட்டுவிட்டார், பதிவின் மைக் குறி நீலமாகிவிட்டது. பதில் இல்லை.

நாள் 5, வியாழன்

காலையில் தேக்கா. அத்தைக்குப் புடவை, இவருக்கு ஒரு சட்டை, பக்கத்து வீட்டுக்குத் தைலம். சிராங்கூன் ரோட்டில் வீரமாகாளியம்மன் கோயில் வாசலில் நின்றோம். உள்ளே பூஜை மணி கேட்டது. மகிழ் கவசத்தைப் போட்டுக்கொண்டு, "முடிஞ்சதும் போலாம்" என்றான். மணி ஓய்ந்ததும் உள்ளே போய்க் கும்பிட்டுவிட்டு வந்தோம். இதற்கு முன் மணிச் சத்தம் கேட்டாலே தெருமுனையிலிருந்து திரும்பிவிடுவோம்.

செந்தோசாவிலேயே இருக்கிற பெரிய மீன் காட்சியகத்துக்கு அக்கா கூப்பிட்டாள், அங்கே சத்தமே இருக்காது என்று. மகிழுக்கு மனம் இல்லை. அடுத்த தடவை என்றான். அடுத்த தடவை என்று அவனே சொன்னதை நான் குறித்து வைத்துக்கொண்டேன்.

இப்போது சாங்கியில் உட்கார்ந்து எழுதுகிறேன். வழியனுப்பும்போது அக்கா அழுதாள், நானும்தான். கழிப்பறைக்குப் போகும்போது மகிழ் கையை நீட்டினான், மஞ்சள் தாளை வாங்கிக்கொண்டு தானே உள்ளே போய் ஒட்டினான். நான் வெளியே நின்றேன்.

விமானத்துக்குக் கூப்பிடப் பத்து நிமிடம் இருக்கும்போது கைப்பேசி அதிர்ந்தது. அத்தை. எழுதத் தெரியாது, குரல் பதிவுதான். பின்னால் ஆடு கத்துகிறது, யாரோ சைக்கிள் மணி அடிக்கிறார்கள். மகிழின் காதருகே மெல்லிய சத்தத்தில் வைத்துப் போட்டேன்.

"வேட்டுக்காரரு வீட்டுக்கே போயிக் கேட்டுட்டு வந்தேன்மா. சாமி பொறப்பாடு ராத்திரி ஒம்பதரையாம். மூணு வேட்டுப் போடுவாராம். மொத ரெண்டும் சின்னது, கடைசிதான் பெரிசு. பிள்ளகிட்ட சொல்லிரு."